சத்தம் போதாத வண்டி

வாங்க தம்பி, ஒக்காருங்க. வண்டி ஷெட்டுலதான் நிக்குது, எங்கயும் போயிடாது. மொதல்ல காப்பி சாப்பிடுங்க. ஈரோட்டுல இருந்து பஸ்ல நின்னுட்டே வந்திருப்பீங்க. இல்லீங்க, அந்தச் சேர் வேண்டாம், இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. முகத்தைப் பாத்துப் பேசினாத்தான் எனக்குப் பேசின மாதிரி இருக்கும்.

எதுக்காக விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்களாம். எம்பையன் முகுந்தன் "அப்பாவுக்கு வயசாயிடுச்சு"ன்னு சொல்லியிருப்பான். அது காரணமில்லீங்க. வயசாகாத ஆளு யாரு இருக்கறாங்க? எஞ்சின்ல கோளாறோ, எங்கயாவது கொண்டுபோய் மோதிப்போட்டாரோன்னு நீங்க சந்தேகப்படக் கூடாது பாருங்க. அதனால நானே சொல்லிப்போடறேன். எல்லாம் அந்த ஹெட்டர்ங்கற புகைக்குழாய்ல ஆரம்பிச்சதுங்க.

நான் கணபதியில பவுண்டரி வெச்சிருந்தவன். பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊத்தறது. ஊத்தின வார்ப்பு ஆறினதும் மணலைத் தட்டோணும், பிசிறைச் சுத்தியல்ல அடிச்சு எடுக்கோணும், கிரைண்டர்ல தேய்க்கோணும். வயசுப் பையனா இருந்ததுல இருந்து அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் நின்னேன். வார்ப்பைத் தட்டிப் பாத்தே உள்ள விரிசல் இருக்கா இல்லையான்னு சொல்லிப்போடுவேன். அந்த மாதிரிக் காதுங்க எனக்கு. அதனால சத்தத்தைப் பத்தி யாரு வந்து எங்கிட்டப் பேசினாலும் நான் நம்ப மாட்டேன்.

பவுண்டரியைப் பையன் கையில குடுத்துப்போட்டு, எனக்குன்னு வாங்கினதுதான் இந்தக் காரு. ஜப்பான்காரன் எஞ்சின். ஒங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பேரைக் கேட்டுத்தானே பஸ் ஏறி வந்திருக்கீங்க. வாங்கின புதுசுல மிதிச்சா, ஆறாயிரம் ஆர்பிஎம் தாண்டினதும் ஒரு குரல் மாறும் பாருங்க, முதுகெல்லாம் சிலிர்க்கும். கொஞ்ச வருசந்தாங்க. அப்பறம் அந்தக் குரல் தேய ஆரம்பிச்சிருச்சு. ஓட்டம் அதே ஓட்டம், இழுவை அதே இழுவை, சத்தம் மட்டும் எறங்கிட்டே போகுது. மெக்கானிக்குக எல்லாரும் பாத்துட்டு "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்குது"ன்னாங்க. மெக்கானிக்குன்னா அப்படித்தானே சொல்லுவாங்க.

வண்டி மட்டுமா? இப்ப வர்ற சாமான் எதுலயும் சத்தம் கெடையாதுங்க. புதுக் குக்கர் வாங்கினோம், விசில் வர்றதே தெரியாது. சுலோச்சனா மட்டும் என்னமோ சரியா எந்திரிச்சு அடுப்படிக்கு ஓடுவா. காலிங் பெல்லை மாத்தி மாத்திப் பாத்துட்டேன், எல்லாம் ஊமை. சுலோச்சனாங்கறது எங்க வீட்டம்மா. உள்ள இருக்கறா, வருவா.

சரி, ஹெட்டருக்கு வரேன். சிங்காநல்லூர்ல பெனடிக்ட்னு ஒருத்தர், ரேஸ் வண்டிகளுக்குப் புகைக்குழாய் வளைச்சுக் குடுக்கறவர். எதிர்த்துப் பேச மாட்டார், ஆனா ஒத்துக்கவும் மாட்டார். அப்படி ஒரு மனுசன். அவர்கிட்டப் போனனுங்க. "சத்தம் செத்துப்போச்சு, உயிர் குடுக்கோணும்"னேன். அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, மிதிச்சு, தலையைச் சாய்ச்சுக் கேட்டார். "நல்லாத்தானே இருக்கு சார்?"ங்கறார்.

"எனக்குப் போதலை"ன்னேன்.

"அப்ப ஹெட்டர் மாத்திப் பாக்கலாம் சார். இழுவையும் கொஞ்சம் கூடும்."

கம்பெனிக்காரன் எஞ்சினோட ஒட்டி வெக்கறது வார்ப்பிரும்புங்க. நாம ஊத்தின மாதிரி வார்ப்புத்தான். நாலு சிலிண்டர்ல எரிஞ்ச புகை நாலு கட்டைக் குழாய் வழியா வந்து ஒரே எடத்துல முட்டிக்கும், சினிமா விட்டதும் வாசல்ல ஜனம் நெரியற மாதிரி. ஹெட்டர் அப்படியில்லை. நாலு தனித்தனி எஃகுக் குழாய். வளைச்சு வளைச்சு, நாலையும் ஒரே நீளமாக்கி, ஒரு புகை போனதுக்கப்பறம் அடுத்த புகை வர்ற மாதிரி வரிசைப்படுத்தி விடும். அதுலயும் ரெண்டு ஜாதி. நாலும் நேரா ஒண்ணுல சேர்றது ஒரு வகை, மேல் வேகத்துல பிச்சிக்கிட்டுப் போகும். மொதல்ல ரெண்டு ரெண்டாச் சேர்ந்து அப்பறம் ஒண்ணாச் சேர்றது இன்னொரு வகை, நடு வேகத்துல நல்லா இழுக்கும்.

"வண்டியை எங்க ஓட்டுவீங்க சார்?"னு கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஆனைகட்டி வரைக்கும். வீட்டம்மாவும் வருவா. மாங்கரையில காப்பி குடிச்சுட்டுத் திரும்பிடுவோம்."

"அப்ப ரெண்டு ரெண்டாச் சேர்றதே போதும் சார்."

அதையே போட்டோம். எடுத்துட்டு வந்தேன். ஒண்ணும் பெரிசா இல்லீங்க. தொண்டை கட்டின ஆளு கனைக்கற மாதிரி. திரும்பப் போனேன். பெனடிக்ட் சத்தம் அளக்கற மீட்டர் ஒண்ணை எடுத்து நீட்டறார். "பாருங்க சார், முன்னைக்கு இப்ப எவ்வளவு ஏறியிருக்கு பாருங்க"ங்கறார். நான் அந்த மீட்டரை வாங்கித் திருப்பிப் பாத்தேன். சீனாச் சாமான். "இதை நம்பியா தொழில் பண்றீங்க?"ன்னு கேட்டேன். அவர் மீட்டரை வாங்கித் தொடைச்சுப் பெட்டியில வெச்சுக்கிட்டார்.

அடுத்தாப்பல நாலும் ஒண்ணுல சேர்ற வகை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெல்டிங் எல்லாம் மீன் செதில் மாதிரி வரிசையா, நெம்ப அழகான வேலை. ஷெட்டுல பானெட்டைத் தொறந்து காட்டறேன், பாருங்க. ஹெட்டர்ல குறை சொல்ல ஒண்ணுமில்லீங்க. அதுலயும் எனக்குச் சத்தம் போதலை. தெருவுல என்னடான்னா எதிர்வீட்டு பேங்க் மேனேஜர் கையை ஆட்டி ஆட்டி எங்கிட்ட என்னமோ சொல்லிட்டே இருப்பார். நானும் கையை ஆட்டுவேன். வண்டியைப் பாத்து ஆசைப்படறார்னு நெனச்சுக்கிட்டேன்.

இந்த எடத்துல சுலோச்சனாவைப் பத்தி ஒண்ணு சொல்லோணும். அவளுக்கு வண்டியில சும்மா ஒக்காந்து வரத் தெரியாதுங்க. பயந்த சுபாவம். பக்கத்துல ஒக்காந்துட்டு என் தொடையில தட்டிட்டே இருப்பா. பின்னாடி ஏதாவது வண்டி வந்தா ஒரு தட்டு. இடது பக்கமா எவனாவது நுழைஞ்சா ரெண்டு தட்டு. லெவல் கிராசிங் கிட்ட வந்தா கையை எடுக்கவே மாட்டா, அப்படியே அழுத்திப் புடிச்சுக்குவா. நானும் பாவம் பயப்படறாளேன்னு ஒதுங்குவேன், மெதுவாப் போவேன். பல வருசமா அப்படியே பழகிப்போச்சு. வேற ஆம்பளையா இருந்தா எரிச்சப்பட்டிருப்பான். நான் பொறுமைசாலிங்க.

நாலு-ஒண்ணு போட்டும் போதலைன்னதும் பெனடிக்ட் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிப்போட்டார். "கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கொஞ்சம் சத்தத்தை அமுக்கும் சார்."

அதுதானே பாத்தேன்னு எனக்கு நிம்மதியாயிடுச்சு. எதிரி இன்னாருன்னு தெரிஞ்சுபோச்சு பாருங்க.

கன்வெர்ட்டர்னா, டிபன் கேரியரைப் படுக்க வெச்ச மாதிரி வண்டிக்கு அடியில இருக்குமில்ல, அதுதான். உள்ள தேன்கூடு மாதிரி நுணுக்கமா கண்ணு கண்ணா இருக்கும். விஷப் புகை அதுக்குள்ள பூந்து வரும்போது பாதி விஷம் போயிடும். கம்பெனிக்காரன் வெக்கறது களிமண்ணுல சுட்டது, கண்ணு நெருக்கமா இருக்கும். ரேஸ்காரங்க போடறது உலோகத் தகட்டுல செஞ்சது, கண்ணு பெரிசு, புகை சுளுவாப் போகும், விஷமும் ஓரளவு மட்டுப்படும். பெனடிக்ட் அந்த உலோகத்தைத்தான் போடச் சொன்னார். போட்டோம். அதுவும் ஹைதராபாத்ல இருந்து வரவழைச்சு. சத்தம் வரலை.

"அதைக் கழட்டிப்போட்டு வெறும் பைப் வெச்சுரு"ன்னேன்.

பெனடிக்ட் மொத தடவையா என் முகத்தை நேராப் பாத்தார். "வேண்டாம் சார். அது சட்டத்துக்கும் ஆகாது. சுத்தமாகாத பச்சைப் புகை அடிக்கும், உள்ள ஒக்காரவே முடியாது. அம்மா வேற கூட வர்றாங்க."

"அவ மூக்கைப் பத்தி எனக்குத் தெரியும். நீ கழட்டு."

"சார், நான் ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"ன்னார். அப்பறம் திரும்பிக் குனிஞ்சு, ஸ்பேனரைத் தேடிக்கிட்டே என்னமோ கேட்டார். எனக்கு வெளங்கலை. "ஆமாமா, சரி சரி"ன்னு சொன்னேன். அவர் ஒரு மாதிரி தலையை ஆட்டிட்டு வேலையைச் செஞ்சு குடுத்துட்டார். அவர் அன்னைக்கு என்ன கேட்டார்னு அப்பறம் ஒரு நாள் எங்கிட்டச் சொன்னார், அது இருக்கட்டும்.

கன்வெர்ட்டர் இல்லாம வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தனே, அன்னைக்குத்தாங்க பழைய குரல் கேட்டுச்சு. முழுசா இல்லை. தூரத்துல யாரோ தெரிஞ்சவங்க கூப்பிடற மாதிரி. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. புகையினாலயா இருக்கும்.

மொத ஞாயித்துக்கிழமை சுலோச்சனா கூட வந்தா. கணுவாய் தாண்டறதுக்குள்ள முந்தானையை மூக்குல வெச்சுக்கிட்டா. மாங்கரையில காப்பியைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் வாந்தி, தலைவலி. மறுவாரமும் அப்படியே. அதுக்கடுத்த வாரம் கெளம்பற நேரத்துல வாசப்படியில நின்னுட்டா.

"ஏனுங்க, நான் வரலை. அந்தப் புகை எனக்கு ஆகலை. நீங்களும் போவேண்டாம்."

"ஜன்னலைத் தொறந்து வெச்சுக்க"ன்னேன்.

"தனியாப் போவேண்டாமுங்க. சொன்னாக் கேளுங்க."

என்னமோ நான் ஸ்கூட்டி பழகற பையன் மாதிரி. கோவம் வந்துருச்சு. கெளம்பிட்டேன்.

தம்பி, அன்னைக்கு அந்த வண்டி ஓடின ஓட்டம் இருக்குதே! ஆனைகட்டி போயிட்டுத் திரும்பி வர்றேன். மாங்கரை செக்போஸ்ட் தாண்டினதும் கண்ணாடியில பாக்கறேன், பின்னாடியே ஒரு வெள்ளை வேன். மேல வெளக்கு சுத்துது. ஒட்டிட்டே வர்றான். வலது பக்கம் ஏறறான், எதிர்ல லாரி வருது, மறுபடியும் பின்னாடி வர்றான். நான் யோசிச்சேன். ஆம்புலன்ஸ் வேன்தான், ஆனா சைரன் போட்டாத்தானே அது ஆம்புலன்ஸ்? சைரன் இல்லாட்டி வெறும் வேன். ஆளை எறக்கிப்போட்டுச் சும்மா திரும்பிப் போற டிரைவருக்கு என் வண்டியைப் பாத்ததும் ஒரு ஆசை வந்துருக்குது, போட்டி போடறான். அப்படித்தாங்க நெனச்சேன். சரி வான்னு நானும் மிதிச்சேன்.

அந்த ரோடு குறுகல், தெரியுமில்ல? ரெண்டு பக்கமும் செங்கல் சூளை லாரி. லாரி குறுக்க வந்தா நான் நிக்கோணும், நான் நின்னா அவன் நிக்கோணும். ரோடு விட்டதும் நான் பிச்சிக்கிட்டுப் போவேன். நாலு-ஒண்ணு ஹெட்டர்னா என்னன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. மேல் வேகத்துல அப்படி ஒரு இழுவை. தொடையில தட்டறதுக்கும் ஆளில்லை. கணுவாய் வரைக்கும் அவனை முன்னாடி விடவே இல்லீங்க.

கணுவாய் ஜங்ஷன்ல ஒரு ஆட்டோக்காரன் வண்டியைக் குறுக்கப் போட்டு என்னை நிறுத்தினான். நான் நின்னதும் வேன் என்னை உரசற மாதிரி தாண்டிப் போச்சு. டிரைவர் ஜன்னல் வழியா என்னைப் பாத்து வாயைப் பெரிசாத் தொறந்து என்னமோ சொன்னார். நல்லா ஓட்டினீங்கங்கறார்னு நெனச்சு நானும் கையைத் தூக்கினேன்.

ஆட்டோக்காரன் என் சட்டையைப் புடிச்சான். முகத்துக்கு நேரா வந்து கத்தினதால ஒவ்வொரு வார்த்தையும் வெளங்குச்சு. "யோவ் பெரிய மனுசா, உள்ள உசுரு கெடக்குது, நீ ரேஸா விடறே?"

"சைரன் போடலையேப்பா"ன்னேன்.

கூட்டத்துல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஒரு அம்மா தலையில அடிச்சுக்கிட்டு நகந்து போயிருச்சு.

வீட்டுக்கு வந்து சுலோச்சனாகிட்டச் சொன்னேன். அவ அப்படியே சோபாவுல ஒக்காந்துட்டா. அப்பறம், "நான் வந்திருக்கோணும்"னா.

"நீ வந்திருந்தா மட்டும் அவன் சைரன் போட்டிருப்பானா?"ன்னு கேட்டேன். போனை எடுத்து யார் யாருக்கோ பேசினா. உள்ள இருந்தது யாரு, எந்த ஆஸ்பத்திரின்னு கண்டுபுடிச்சுட்டா. மாங்கரைப் பக்கம் சூளையில மேஸ்திரியா இருக்கற ராசுன்னு ஒருத்தர். நெஞ்சுவலி. உசுரு தப்பிச்சுட்டார், ஆனா ஐசியூவுல இருக்கார்னு சொன்னாங்க. "போய்ப் பாத்து மன்னிப்புக் கேளுங்க"ன்னு கெளப்பிட்டா. மன்னிப்புக் கேக்கறதுக்கு என்ன இருக்குது, விவரத்தைச் சொல்லலாம்னு போனேன்.

ஆஸ்பத்திரியில சுலோச்சனா பழம் வாங்கப் போயிட்டா. நான் மட்டும் ஐசியூ வாசலுக்குப் போனேன். அங்க அவரோட பொண்ணு, பூங்கொடின்னு பேரு, நர்சிங் படிக்கற வயசுப் பொண்ணு, செவுத்துல சாஞ்சு நின்னுட்டு இருந்துச்சு. முகத்துல மாஸ்க். நான் இன்னாருன்னு சொன்னேன். அது என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு மெதுவா என்னமோ கேட்டுச்சு. மூஞ்சியை மூடிட்டுப் பேசினா யாருக்குத் தம்பி வெளங்கும்? ஆனா பாவம், அழுத கண்ணா இருக்குது, திரும்பத் திரும்பக் கேக்கறது நல்லா இருக்காது. அதனால தலையாட்டினேன். மறுபடியும் கேட்டுச்சு. மறுபடியும் ஆட்டினேன். மூணாவதா ஒண்ணு கேட்டுச்சு. "நல்லதும்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும்"னேன். பெரியவங்கன்னா அப்படி ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லோணும் இல்லீங்களா?

அந்தப் பொண்ணோட கண்ணு மாறின மாறுதலை நான் மறக்க மாட்டேன்.

அது என்ன கேட்டுச்சுன்னு எனக்குப் போலீஸ் ஸ்டேஷன்லதான் தெரிஞ்சுது. மறுநாளே புகார் குடுத்துருச்சு. இன்ஸ்பெக்டர் அம்மா எழுத்துல இருந்ததை என் முன்னாடி ஒக்காந்து, ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டினாங்க. "சைரன் சத்தம் ஒங்களுக்குக் கேட்டுச்சா?"ன்னு கேட்டுருக்குது. நான் ஆமான்னு தலையாட்டியிருக்கேன். "கேட்டும் வேணும்னே வழி விடலையா?" ஆமான்னு ஆட்டியிருக்கேன். "எங்கப்பா செத்துப்போயிருந்தா என்ன பண்ணுவீங்க?" அதுக்குத்தான் நான் நல்லதும்மான்னு சொல்லியிருக்கேன்.

முகுந்தன் வக்கீலுக்குப் போன் போட வெளிய போயிட்டான். பூங்கொடி எதிர்ல ஒக்காந்திருக்குது, மாஸ்க் இல்லாம. அப்பத்தாங்க சுலோச்சனா எந்திரிச்சா.

"மேடம், அவருக்குக் காது கேக்காதுங்க"ன்னா.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நாப்பது வருசம் கூட இருந்தவ, என்னைக் காப்பாத்தறதுக்காகப் போலீஸ் ஸ்டேஷன்ல நின்னுட்டு கூசாம ஒரு பொய் சொல்றா. அவ பொய் பேசி நான் பாத்ததே இல்லை. "இவரு பவுண்டரியில காதைக் குடுத்துட்டார். கேக்காததைக் கேட்ட மாதிரியே சமாளிப்பார். வாயைப் பாத்துப் பேச்சைப் புடிச்சுக்குவார். வண்டியில நான்தான் அவருக்குக் காது. நான் பக்கத்துல இருந்து தொட்டுத் தொட்டுச் சொல்லுவேன். அன்னைக்கு நான் போகலை"ன்னா. என்ன நடிப்புங்கறீங்க! நான் வாயைத் தொறந்து மறுக்கலாம்னு பாத்தேன். மறுத்தா கேஸ். பேசாம இருந்துட்டேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா நம்பாத மாதிரி பாத்தாங்க. அப்ப சுலோச்சனா எனக்குப் பின்னாடி போய் நின்னா. நான் செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்துட்டு இருந்தேன். என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது தம்பி. திரும்பிப் பாத்தா இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. ரைட்டர் எழுதறதை நிறுத்திட்டார். அந்தப் பொண்ணு பூங்கொடி துப்பட்டாவுல கண்ணைத் தொடைக்குது. சுலோச்சனா பின்னாடி நின்னு என்னமோ பேசியிருக்கறா, நெறைய. "அப்படி என்னதான் சொன்னே?"ன்னு அன்னைக்கு ராத்திரியே அவகிட்டக் கேட்டேன். "ஒங்களுக்குக் கேக்காதுங்கற தைரியத்துல சொன்னது. விடுங்க"ன்னுட்டா.

பூங்கொடி புகாரைத் திருப்பி வாங்கிக்கிச்சு. வெளிய வரும்போது எங்கிட்ட வந்து, முகத்துக்கு நேரா நின்னு, வாயை நல்லாத் தொறந்து, "காதைப் பாத்துக்குங்க தாத்தா"ன்னுச்சு. அதோட அப்பா இப்ப நடமாடறார். போன வாரம் போய்ப் பாத்தோம். எளநி குடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா மட்டும் ஒரு கண்டிசன் போட்டாங்க. காது டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் குடுக்கோணும், அதுவரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது. சொன்ன பொய்யைக் காப்பாத்தோணுமே, போனேன். ஒரு ரூமுக்குள்ள அடைச்சு, காதுல மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னாங்க. நான் ஒக்காந்திருந்தேன், ஒக்காந்திருந்தேன், டெஸ்ட் எடுக்கற அம்மா சத்தமே விடலை. டெஸ்ட் முடிஞ்சுதுன்னு கதவைத் தொறந்துட்டாங்க. வரைபடம் ஒண்ணு குடுத்தாங்க. உருகின இரும்பு ஆறும்போது சூடு எறங்குமே, அந்தக் கோடு மாதிரி சரிஞ்சு கெடக்குது. டாக்டரும் சுலோச்சனா பக்கம் சேர்ந்துட்டாரு.

அதுக்கப்பறந்தான் இது. ஆமாங்க, காதுக்குப் பின்னாடி இருக்குதே, இந்த மெசினு. ரெண்டு பக்கமும். மாட்டின அன்னைக்கு வீட்டுல நொழைஞ்சா ஒரே ரகளை. பேன் சத்தம், செருப்புச் சத்தம், பேப்பரைப் பெரட்டினா தகரத்தைக் கிழிக்கற மாதிரி. குக்கர் விசில்ல எந்திரிச்சு நின்னுட்டேன். குக்கர்ல குறை இல்லைங்கறது மட்டும் தெரிஞ்சுது.

நேரா ஷெட்டுக்குப் போய் இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினனுங்க. அடுத்த நிமிசம் ஆஃப் பண்ணிட்டேன். எதிர்வீட்டு மேனேஜர் வாசலுக்கு வந்து என்னைப் பாத்தார். இந்தத் தடவை அவர் கையை ஆட்டலை. என்னமோ மொணகினார். அது எனக்குக் கேட்டுச்சு. அதை நான் ஒங்ககிட்டச் சொல்ல முடியாது.

பெனடிக்ட்கிட்டப் போய்ச் சண்டை போட்டேன். "என்னய்யா பண்ணி வெச்சிருக்கே வண்டியை?"

"நீங்க கேட்டதைத்தான் சார் பண்ணினேன்"னார். அப்பறம் என் காதைப் பாத்தார். ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். "அன்னைக்குக் குனிஞ்சுட்டே ஒண்ணு கேட்டேனே சார், ஞாபகம் இருக்குதா? 'ஒருக்கா காதை டாக்டர்கிட்டக் காட்டிட்டு வர்றீங்களா, அதுக்கப்பறம் கழட்டலாமா'ன்னு கேட்டேன். நீங்க சரி சரின்னீங்க. ஆனா கையை மட்டும் கழட்டு கழட்டுன்னு ஆட்டினீங்க."

அந்த உலோகக் கன்வெர்ட்டரைத் திருப்பி மாட்டச் சொன்னேன். மாட்டியிருக்குது, புகைச் சான்றிதழும் எடுத்தாச்சு. அந்த விசயத்துல நீங்க ஒண்ணும் பயப்பட வேண்டாம்.

பொறவு இன்ஸ்பெக்டர் அம்மா மெசினோட ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க. சுலோச்சனாவும் வரேன்னா. போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போனோம். கணுவாய் வரைக்கும் மெதுவாப் போறேன், அவ பேசிட்டே வர்றா. எங்கிட்ட இல்லீங்க. சும்மா, ரோட்டைப் பாத்துக்கிட்டு. "அந்த வேப்பமரத்தை வெட்டிட்டாங்களே"ங்கறா. "முட்டி இன்னைக்குப் பரவால்லை"ங்கறா. "தங்கச்சி ஒரு போன் பண்ணக் கூடாதா"ங்கறா. இத்தனை வருசமும் இப்படித்தான் பேசிட்டே வந்திருக்கறா. நான் பதில் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சும் பேசியிருக்கறா. நான் "மரத்தை எப்ப வெட்டினாங்க?"ன்னு கேட்டேன். அவ சட்டுனு பேச்சை நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. மாங்கரை வரைக்கும் வாயே தொறக்கலை. காப்பி குடிச்சப்பறம் மறுபடியும் மெதுவா ஆரம்பிச்சா.

திரும்பும்போதுதான் கவனிச்சேன். ஹெட்டர் நல்ல ஹெட்டர்தான், தம்பி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மூவாயிரம் ஆர்பிஎம் தாண்டினா அவ பேசறது எனக்குக் கேக்கலை. மெசின் வெச்சும் கேக்கலை. ரெண்டாயிரத்தைநூறுலயே போனா வண்டிக்கு அவமானம். இந்த வண்டி அப்படி ஓட்டறதுக்குச் செஞ்சதில்லை. அதனாலதான் விக்கறேன். வேற ஒரு காரணமும் கெடையாது. சத்தமில்லாத வண்டியா ஒண்ணு பாத்துட்டு இருக்கோம், கரண்ட்டுல ஓடறது.

காப்பி முடிஞ்சுதுங்களா? வாங்க, ஷெட்டுக்குப் போலாம். சாவி இந்தாங்க, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே மிதிச்சுராதீங்க, சூடாகட்டும். அப்பறம் ஆறாயிரம் வரைக்கும் கொண்டு போங்க. இருங்க, அதுக்கு முன்னாடி இந்த ரெண்டு மெசினையும் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கறேன். கடைசியா ஒருக்கா எனக்கு எப்படிக் கேட்டுச்சோ அப்படியே கேட்டுக்கறேன். வெலை கிலை எல்லாம் சுலோச்சனாகிட்டப் பேசிக்குங்க. நீங்க இனி என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது.